அக்கரை போன பூட்டனை எந்தப் பட்டியலில் தேடுவது?

வாசகர் கேள்வி – பதில்: குடும்ப வரலாறு
பதில் தருபவர்: தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்

கேள்வி: என் பூட்டன் பெயர் ஏசுவடியான். நெய்யூர் பக்கம் சொந்த ஊர். 1890-களில் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர், திரும்பவேயில்லை. பிள்ளைகளை மறந்தவர் என்று எங்கள் வீட்டில் அவர் பேச்சையே எடுப்பதில்லை. ஒரு பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் அதன் கீழே ஐந்து இலக்க எண் ஒன்றும் எழுதியிருக்கிறது. அவர் போன கப்பலைக் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், நெய்யூர்)

பதில்: முடியும் என்றே நம்புகிறேன், தம்பி. அந்த எண்தான் காரணம். இன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படம் பிடித்து, இரண்டு பேரிடம் கொடுத்துவையுங்கள்.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் அந்த அரசாங்கம் ஓர் எண் கொடுத்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கப்பலில் தொடங்கிய வரிசை 1911 வரை ஓடியது. மொத்தம் 1,52,184 பேர். 1890-களில் போனவர்களின் எண்கள் ஐந்து இலக்கத்தில்தான் இருக்கும். ஆகவே உங்கள் வேதாகமத்தில் இருப்பது அந்த எண்ணாக இருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு. வேலை மாறினாலும், அங்கே திருமணம் செய்தாலும், இறந்தாலும், ஊர் திரும்பக் கப்பல் ஏறினாலும் அரசாங்கத் தாளில் அதே எண் வரும்.

பெயரை வைத்துத் தேடலாமே என்பீர்கள். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். கப்பல் ஏறும்வரை கூலிகளைத் தங்கவைத்த சென்னைக் கிடங்கில் இருந்த எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஏசுவடியான் என்ற பெயர் ஈ, ஜே, ஒய் என்ற மூன்று எழுத்துகளில் எதில் வேண்டுமானாலும் தொடங்கும். 'ஏசு' என்றோ 'அடியான்' என்றோ பாதிப் பெயரும் நின்றிருக்கலாம். அதனால் எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடியுங்கள். கண்டபின், இவர்தானா என்று உறுதிசெய்யப் பெயரைப் பயன்படுத்துங்கள்.

உறுதிசெய்ய, கப்பல்வாரியாக அந்த எண்களைப் பதிந்த பட்டியலிலேயே நிறைய இருக்கிறது. தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. சாதிக்கான இடத்தில் பலருக்குக் 'கிறிஸ்தவன்' என்று மட்டும் இருக்கும். ஜில்லா என்ற இடத்தில் கன்னியாகுமரியைத் தேடாதீர்கள். அந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் உண்டானது. உங்கள் பூட்டன் காலத்தில் அதன் தாலுகாக்களான கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. 'திருவிதாங்கூர்' என்று தேடுங்கள். திருநெல்வேலியையும் விட்டுவிடாதீர்கள். ஆள் சேர்ப்பும் பதிவும் பிரிட்டிஷ் பகுதியில் நடந்த காரியங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போனவர் அந்தப் பக்கத்து ஊரைச் சொல்லியிருக்கவும் கூடும்.

உடல் அடையாளம் என்ற இடத்தை நிதானமாகப் படியுங்கள். இடது காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்பது போல ஏதாவது இருக்கும். கூலியை அடையாளம் காண அரசாங்கம் எழுதிக்கொண்ட குறிப்புதான் அது. ஆனாலும் புகைப்படமே இல்லாத ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி அவர் வம்சத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த வரிதான். அதைப் படித்துவிட்டுப் பேச்சு வராமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டர்பனுக்கு எழுதும் முன்னால் அவருடைய தகப்பனார் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு உங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு போதும். லண்டன் மிஷன் காலத்துப் பதிவேடுகள் சில சபைகளில் இன்னும் இருக்கின்றன. ஆயரிடம் உத்தேச வருடத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அவருக்கு நேரம் இருக்காது. தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்து அமுக்க விடாதீர்கள், கைப்பேசியில் படம் எடுத்தால் போதும்.

பிறகு எண், பெயர், தகப்பன் பெயர், ஊர் நான்கையும் எழுதி, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்துக்கு அனுப்புங்கள். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் உள்ள அரசு ஆவணக் காப்பகங்களுக்கும் எழுதலாம். பட்டியலில் அவருடைய வரி கிடைத்தால் முன்னும் பின்னும் உள்ள எண்களையும் கேட்டு வாங்குங்கள். ஒரே ஊரிலிருந்து கூட்டாகப் போனவர்கள் அடுத்தடுத்த எண்களில் நிற்பதுண்டு. உங்கள் பூட்டனோடு போன சித்தப்பனோ மச்சினனோ அங்கே இருக்கலாம்.

அந்த எண்ணில் வேறு ஆள் இருந்தால் தேடலை விட்டுவிட வேண்டாம். மிஷன் பள்ளி ஆசிரியராகவோ உபதேசியாராகவோ சொந்தக் காசில் போனவர்கள் ஒப்பந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். நேட்டாலில் 1897-இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் உண்டான தாள்களை அப்போது கேட்க வேண்டும். (இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. 'எழுபதில் போனார்' என்று வீட்டில் சொன்னால் இலங்கையின் காப்பித் தோட்டங்களை நினையுங்கள்.)

அவர் பிள்ளைகளை மறந்தவர் என்ற பேச்சுக்கு வருகிறேன். முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். 1895-இல் வந்த சட்டம், அதற்குப் பிறகு ஒப்பந்தம் செய்தவர்கள் ஐந்து வருடம் முடித்து அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டச் சொன்னது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது முதல் வருடக் கணக்கில் ஆறு மாதக் கூலி. கட்ட வழியில்லாதவர்கள் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. உங்கள் பூட்டன் அந்த வரிக்கு முன்னால் போனாரா பின்னால் போனாரா, எத்தனை முறை ஒப்பந்தம் புதுப்பித்தார், எந்த வருடம் இறந்தார் என்பதெல்லாம் தெரியாமல் அவர்மேல் பழி போடாதீர்கள். கரும்புத் தோட்டத்துக்குப் போன இரண்டாம் வருடமே காய்ச்சலில் இறந்தவராகக்கூட அவர் இருக்கலாம். தாள் வரட்டும், பிறகு பேசுங்கள்.

கேள்வி: என் பாட்டா 1920-களில் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வந்தவர். கப்பல் பட்டியலில் பெயர் இருக்குமா? எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகரத் துண்டு வீட்டில் இருக்கிறது. (வாசகி, அருமனை)

பதில்: அம்மா, சிலோன் பயணத்துக்கு நேட்டாலைப் போன்ற பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். கங்காணி திரட்டிய கூட்டமாகத்தான் ஆட்கள் போனார்கள். நீங்கள் சொல்லும் தகரம் அந்தப் பயணத்துக்கான டிக்கெட். வழிச்செலவை இன்ன தோட்டம் ஏற்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதில் உள்ள எழுத்தும் எண்ணும் தோட்டத்தைக் குறிப்பவை. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சாய்வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் அப்பாவோ அத்தைகளோ தோட்டத்தில் பிறந்திருந்தால் அந்தப் பிறப்பு அங்கே பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் தோட்டத்தின் பெயரும் இருக்கும். யார் எங்கே பிறந்தார்கள் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.