கேளுங்க, சொல்றேன்: இந்த வாரம் பாறையும் மாநாடும்

கேள்வி: 2020ல டெல்லியில நடக்க வேண்டிய உலக நிலவியல் மாநாடு கடைசியில நடந்துச்சா, இல்லையா? (வாசகர், சேலம்)

நடந்துச்சு, ஆனா நடந்திருக்க வேண்டிய மாதிரி நடக்கலை. 36வது சர்வதேச நிலவியல் மாநாடு அது, இந்தியாவோட பங்களாதேஷ், நேபாளம், இலங்கை எல்லாம் கைகோத்து நடத்துறதா இருந்துச்சு, 1964க்கு அப்புறம் அப்பதான் மறுபடி டெல்லிக்கு வந்துச்சு. 2020 மார்ச்ல வச்சிருந்தாங்க, கொரோனா வந்து தள்ளிப்போயி தள்ளிப்போயி 2022 மார்ச்ல 3 நாள் ஆன்லைன்லயே முடிச்சுட்டாங்க. பேச்சை ஸ்க்ரீன்ல கேட்டுக்கலாம், பாறையை அப்படிப் பார்க்க முடியுமா? எனக்கு ஃபீல்ட் ட்ரிப் இல்லாமப் போனதுதான் பெரிய இழப்பா தெரியுது. ஹால்ல நடக்குறது பாதி மாநாடுதாங்க, மீதி பாறை முன்னாடி லென்ஸும் சுத்தியலுமா நின்னு ஒருத்தரை ஒருத்தர் மறுத்துப் பேசுறதுலதான் இருக்கு.

கேள்வி: தென்னிந்தியாவைப் பத்தி இந்த மாதிரி மாநாட்டுல என்னதான் ஆராய்ச்சி பேசுவாங்க? (மாணவி, நாமக்கல்)

உங்க மாவட்டத்துலேயே ஆரம்பிக்கலாம்மா. பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி இருக்குல்ல, அங்க இருக்குற அனார்த்தோசைட் பாறை நிலாவுல வெளுப்பா தெரியுற மேட்டு நிலத்துப் பாறையோட வகை, அதனாலதான் அந்தப் பக்கத்துப் பாறையைப் பொடியாக்கி இஸ்ரோ சந்திரயான் லேண்டர், ரோவர் சோதனைக்கு நிலா மண்ணு மாதிரி பயன்படுத்துனாங்க, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையும் அந்த வேலையில இருந்துச்சு. பக்கத்துல போய்ப் பார்த்தா வெள்ளையில கருப்புக் கோடு கோடா ஓடும், சில இடத்துல சிவப்புக் கல்லு பொட்டு பொட்டா இருக்கும், அது குருந்தம், மாணிக்கக் கல்லு வகை.

பாலக்காட்டுல இருந்து காவிரி வரைக்கும் நிலத்துல நீளமா ஒரு பாறைப் பட்டை ஓடுது. அதுக்கு வடக்கே சேலம் பக்கத்துப் பாறை 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பட்ட சூட்டைக் காட்டுது, தெற்கே மதுரை, திருவனந்தபுரம் பக்கம் கிட்டத்தட்ட 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெந்த பாறை. நடுவுல ஒரு காலத்துல கடல் இருந்து மூடிப்போச்சா, இல்ல ஒரே நிலம் உள்ளுக்குள்ள நசுங்கி நழுவுன இடமாங்கிறதுல இன்னும் ஒத்து வரலை. வயசை ஜிர்கான்கிற பொடிக் கல்லுலதான் பார்ப்பாங்க. அதுல இருக்குற யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா ஈயமா மாறும், பாதி மாற 447 கோடி வருஷம் ஆகும், அதனால எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்குன்னு பார்த்தா வயசு தெரியும். அந்தக் கல்லு மரத்து வளையம் மாதிரி அடுக்கடுக்கா வளரும், நடுவுல ஒரு வயசு ஓரத்துல ஒரு வயசுன்னு வரும், எந்த வயசு எந்தச் சம்பவத்தோடதுன்னுதான் மாநாட்டுல பாதி வாதம்.

இது போக நிலத்தடி நீர், தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு, 2024 ஜூலைல வயநாடு முண்டக்கை, சூரல்மலையில நடந்த நிலச்சரிவு மாதிரி விஷயமெல்லாம் தனித்தனி செஷனா வரும். நீங்களும் போகலாம், ஒரு சின்ன அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆராய்ச்சிச் சுருக்கம், எழுதி போஸ்டரா வச்சாப் போதும், ஸ்டூடண்ட்ஸுக்கு ஃபீஸ் பெரும்பாலும் கம்மியாத்தான் இருக்கும்.

கேள்வி: எங்க பிள்ளைங்க வயக்காட்டுல சுருள் சுருளா கல்லு எடுத்துட்டு வர்றாங்க. இதெல்லாம் மாநாட்டுல பேசுற அளவுக்கு முக்கியமா? (பள்ளி ஆசிரியை, அரியலூர்)

ரொம்ப முக்கியம் டீச்சர். பார்க்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா அம்மோனைட்டா இருக்க நல்லா வாய்ப்பு இருக்கு, கடல்ல வாழ்ந்து டைனோசர் காலத்தோட அழிஞ்சுபோன ஜீவன். அப்ப அங்கெல்லாம் கடல் உள்ள வந்திருந்துச்சு. பெரம்பலூர் பக்கம் காரையில மழைத்தண்ணி அரிச்ச செம்மண் மேட்டுல நடந்து பாருங்க, அதோட துண்டு காலடியிலேயே கிடக்கும். சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லா கிடக்குது. நினியூர்ப் பக்கம் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசரெல்லாம் அழிஞ்ச பேரழிவை ஒட்டிய படிவும் இருக்கு, அதுக்காக வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்குற விஷயம், அதே படிவுலதான் சிமெண்டுக்கு சுண்ணாம்புக்கல்லும் இருக்கு. குவாரி வேணாம்னு சொல்லலை, வேலையும் வேணும் சிமெண்டும் வேணும், ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துப் பதிஞ்சு, பாறை அடுக்கு தெரியுற நல்ல வெட்டுமுகம் ஒண்ணு ரெண்டையாவது அப்படியே விடணும், தின்னு தீர்த்த பாறையைப் பத்தி எத்தனை பேப்பர் படிச்சாலும் அடுத்த பிள்ளைக்குக் காட்ட முடியாது. பிள்ளைங்க கொண்டுவர்ற ஒவ்வொரு கல்லுக்கும் எந்த ஊரு, எந்த ஓடை, எந்தத் தேதின்னு ஒரு சீட்டு ஒட்டி வைங்க டீச்சர், எடுத்த இடம் தெரியாத கல்லு ஆராய்ச்சிக்கு உதவாது.

கேள்வி: எங்கட மலைக்கும் தமிழ்நாட்டு மலைக்கும் சம்பந்தம் இருக்கா? (வாசகர், மாத்தளை)

நெருங்கின சம்பந்தம். தெற்குக் கண்டமெல்லாம் சேர்ந்திருந்த கோண்டுவானாங்கிற பழைய பெருங்கண்டம் ஒண்ணா இருந்தப்ப இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்த இடம். உங்க மத்திய மலைநாட்டுலயும் சார்னோக்கைட் உண்டு, சென்னை பல்லாவரத்துல இருக்குற அதே வகை கரும்பாறை, 55 கோடி வருஷத்தை ஒட்டுன சூடு ரெண்டு பக்கமும் பதிஞ்சிருக்கு. கோண்டுவானாவுக்குன்னே 1967ல அர்ஜென்டினாவுல தொடங்கி தனி மாநாட்டு வரிசை நடக்குது, 1977ல கல்கத்தாவுல நடந்துச்சு. பென்சில்ல இருக்குற கிராஃபைட்டையே பாருங்க, சிவகங்கையில பாறைக்குள்ள செதில் செதிலா கலந்திருக்கும், உங்க நாட்டுப் போகலை சுரங்கத்துல பாறை வெடிப்புக்குள்ள நரம்பா, கட்டியா ஓடும். பக்கத்துப் பக்கத்து நிலத்துல ஏன் இப்படி ரெண்டு விதமா வந்துச்சுங்கிறதை ரெண்டு நாட்டுக்காரங்களும் ஒரே மேஜையில சாம்பிளை வச்சுப் பேசணும்னு எனக்கு ஆசை.