மழைக்குப் பின் மணற்பாறை

கேள்வி: நெல்லை வட்டாரக் குன்றுகளில் கயிறு கட்டி ஏறிப் பழகிய நண்பர்கள் நாங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரீன் ஆற்றில் கேனோ படகில் சென்று, கரையோரப் பாலைநிலப் பாறைத் தூண்களில் ஏற விரும்புகிறோம். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் மழையில். நம் பக்கத்துப் பாறை நனைந்தால் வழுக்குமே தவிர வலுவிழப்பதில்லை. அங்குள்ள மணற்பாறையிலோ மணல் துகள்களைப் பிணைக்கும் பொருள் ஈரத்தில் தளர்ந்துவிடுவதால், மேற்பரப்பு காய்ந்ததாகத் தோன்றினாலும், உள்ளீரம் வற்றும்வரை பிடிகள் உடையக்கூடும், விரிசலில் பொருத்திய பாதுகாப்புக் கருவிகளும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். ஆகவே நல்ல மழைக்குப் பின் ஓரிரு நாள்கள், சில வேளை அதற்கு மேலும், சும்மா இருக்க வேண்டும். திட்டமிடும்போதே இதற்கு நாள் ஒதுக்காதவர்கள்தாம் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

படகோட்டுவது அவ்வளவு கடினமன்று. கிரீன் ஆற்றின் வழியில் உள்ள லாபிரிந்த், ஸ்டில்வாட்டர் பள்ளத்தாக்குகளில் ஆறு அமைதியாகவே ஓடுகிறது. கொலராடோ ஆற்றுடன் கலந்தபின் வரும் கேட்டராக்ட் பள்ளத்தாக்கின் கொந்தளிப்பு கேனோவுக்கு ஏற்றதன்று என்பதால், அதற்கு முன்பே விசைப்படகில் திரும்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆற்றுநீர் கார்த்திகை வெள்ளத்துத் தாமிரபரணி போல் வண்டல் கலந்தது. வாளியில் தெளியவிட்ட பிறகே வடிகட்டுங்கள். அனுமதிச் சீட்டும், மனிதக் கழிவைத் திரும்ப எடுத்துவரும் கலனும் கட்டாயம்.