லினக்ஸ் கேள்வி-பதில்: பேக்கப் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்

2014-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். எந்த லினக்ஸ் போடலாம்? (தேனி)

லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஆனால் உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், முதலில் அதைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகையும்) தராத வேகத்தை அது தரும். கழற்றிய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். புதியதில் எல்லாம் சரியாக ஓடும்வரை அதுதான் உங்கள் பேக்கப்.

லினக்ஸ் போட்டேன். வைஃபை வரவில்லை. உடனடித் தீர்வு தேவை. (சேலம்)

லேப்டாப் மாடல் எழுதவில்லை, எந்த டிஸ்ட்ரோ என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாரும் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். என் ஊகம் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப். போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் கிடைத்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், சிப்பின் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

லைவ் பென்டிரைவில், அதாவது நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென்டிரைவில், பூட் செய்து வைஃபை, சவுண்ட், ப்ளூடூத், கேமரா நான்கையும் பார்த்த பிறகே இன்ஸ்டால் ஐகானைத் தொட வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்து டூயல் பூட் போட்டதிலிருந்து விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பேட்டரி போய்விட்டதா? (நாகர்கோவில்)

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் ‘timedatectl set-local-rtc 1’ என்று கொடுங்கள்.

டூயல் பூட்டில், லினக்ஸிலிருந்து டி டிரைவ் ஃபைல்களைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை. (கும்பகோணம்)

விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக ஷட் டவுன் ஆவதில்லை, அந்த டிரைவும் பாதி தூக்கத்தில் கிடக்கிறது.

லினக்ஸில் தமிழ் சரியாக வருவதில்லை. அலுவலகத்திலிருந்து வரும் வேர்ட் ஃபைல்கள் லிப்ரெஆஃபீஸில் குப்பையாகத் தெரிகின்றன. தமிழுக்கு விண்டோஸ்தான் சரி என்று திரும்பிவிடலாமா? (விழுப்புரம்)

திரும்ப வேண்டாம். இந்தப் பழி லினக்ஸ்மேல் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அந்த ஃபைலைத் திறந்து கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்ததாக இருந்தால், ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது அவ்வளவுதான். ஜே என்ற எழுத்துக்கு ‘த’ போன்ற படத்தை அந்த ஃபாண்ட் வரைந்து காட்டியது, நாம் தமிழ் என்று நம்பினோம். வானவில் ஃபாண்டிலும் இதே கதை, எழுத்துகளின் இடம் மட்டும் வேறு. ஃபாண்ட் இல்லாத விண்டோஸ் கணினியிலும் இதே குப்பைதான் தெரியும்.

எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லிருந்து இருக்கிறது. 2010-இல் தமிழக அரசே அதைத் தரமாக ஏற்றது. இன்னமும் டிடிபி கடைகளும் பல அலுவலகங்களும் பழைய ஃபாண்டில் அடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஃபைலில் ஒரு பெயரைத் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, போனில் படிக்க முடியாது. பார்வையற்ற ஒருவர் ஸ்கிரீன் ரீடரில் கேட்டால் ஜே, கே, பி, ஓ என்றுதான் கேட்கும். அரசுக் கடிதம் ஒன்றைப் படிக்க ஒருவருக்கு உள்ள உரிமையை ஒரு ஃபாண்ட் பறிக்கிறது. இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போதைக்கு, அலுவலகத்தில் அந்த ஃபாண்டின் டிடிஎஃப் ஃபைலைக் கேட்டு வாங்கி, உங்கள் கணினியில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள், படிக்க முடியும். சேர்த்துவைக்க வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் பாமினி உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பழைய முறைகளை மாற்றித் தரும். மாற்றியதும் பெயர்களையும் எண்களையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

நீங்கள் தமிழில் அடிக்க ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் பொதியை நிறுவினால் போதும். தமிழ்99, ஃபொனெட்டிக், பழைய டைப்ரைட்டர் மூன்றும் அதில் உண்டு. விரல் பழகிய விசைப்பலகையையே வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கடையில் டேலி ஓடுகிறது. லினக்ஸுக்கு மாறலாமா? (கோவை)

அந்த ஒரு கணினியை மாற்றாதீர்கள். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஓட்டிப் பார்க்கும் சோதனையை ஜிஎஸ்டி கணக்கில் செய்யக் கூடாது. பில் போடாத மற்ற கணினிகளைத் தாராளமாக மாற்றுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதைக் கொடுத்துவிட்டேன். குழந்தையின் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. மீட்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

கணினியை இப்போதே அணையுங்கள். அந்த டிஸ்க்கில் இனி ஒரு ஃபைல்கூட எழுதக் கூடாது. வேறொரு கணினியில் லைவ் பென்டிரைவ் தயார் செய்து, உங்கள் கணினியை அந்தப் பென்டிரைவில் பூட் செய்து, அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். மீட்பவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் சேமியுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் கணிசமானவை கிடைக்கும், ஃபைல் பெயர்கள் மட்டும் போயிருக்கும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. போனிலும் உறவினர்களின் வாட்ஸ்அப்பிலும் தேடுங்கள்.

மற்றவர்களுக்கு: டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவி இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள். அது சிஸ்டத்தைத்தான் காக்கும், ஹோம் ஃபோல்டரை இயல்பாக விட்டுவிடும். போட்டோவும் சான்றிதழும் தனி டிஸ்க்கில் இருக்க வேண்டும். புது லேப்டாப் என்றால், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியையும் இன்ஸ்டாலுக்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள்.

எந்த ஆன்ட்டிவைரஸ் நல்லது? (மதுரை)

லினக்ஸ் போட்ட வீட்டு டெஸ்க்டாப்புக்கு வேண்டாம். அப்டேட் மேனேஜர் கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். சூடோ என்று தொடங்கும், முழு நிர்வாகி அதிகாரம் தரும் வரியை எங்கிருந்தோ காப்பி செய்து, என்னவென்று தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.