பண்டிகை கசந்ததா, அடுப்படி கசந்ததா?

கேள்வி: நானும் என் மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறோம். கல்யாணமாகி மூன்று வருஷம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பாளையங்கோட்டையில் என் அப்பா அம்மா வீட்டுக்குத்தான் போகிறோம். போன நாள் முதல் அவள் அடுப்படியிலேயே நிற்கிறாள், திரும்பி ரயில் ஏறும்வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசக்கூட முடிவதில்லை. அதனால் இந்த வருஷம் டிசம்பர் 23 முதல் 30 வரை மாலத்தீவில் ஹோட்டல் பதிவு செய்து முன்பணமும் கட்டிவிட்டோம். அக்கா மூலம் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என் போனை எடுப்பதில்லை. வருஷத்தில் ஒரு வாரம் தனியாக இருக்க ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: குற்றமே இல்லை தம்பி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் சொந்தபந்தம் யார் கண்ணிலும் படாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசைப்படுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ‘கடல்தானே வேண்டும், உவரிக்குப் போங்களேன்’ என்றும் சொல்லமாட்டேன், கிறிஸ்மஸ் வாரத்தில் உவரியில் உங்கள் சித்தப்பா குடும்பம் எதிரே வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘அவள் அடுப்படியிலேயே நிற்கிறாள்’ என்று, எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அவள் அடுப்படியில் நின்ற மூன்று கிறிஸ்மஸிலும் நீங்கள் எங்கே நின்றீர்கள்?

நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். டிசம்பர் பிறந்துவிட்டால் ஆண்பிள்ளைகளுக்குக் கேரல் ரவுண்ட்ஸ், விடியற்கால பஜனை, கோயிலில் தோரணம் கட்டுவது, குடில் வைப்பது என்று வெளியே ஆயிரம் வேலை. எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் எல்லாமே பாட்டும் பேச்சும் கூட்டாளிகளுமாகச் செய்கிற வேலை. ராத்திரி ஒரு மணிக்குக் கேரல் கூட்டம் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அத்தனை பேருக்கும் காப்பி போட விழித்திருப்பது அந்த வீட்டுப் பெண்கள்தானே?

அச்சுமுறுக்கு சுடுவதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கரைத்த மாவு ஒரு சட்டியில், காய்ந்த எண்ணெய் இன்னொரு சட்டியில். அச்சை எண்ணெயிலேயே கிடத்திச் சூடேற்ற வேண்டும், சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காது. மாவில் முக்கும்போது அச்சின் மேல்விளிம்பு மூழ்கிவிடக் கூடாது, மூழ்கினால் முறுக்கு கழன்று விழாது, கம்பியால் நெம்பித்தான் எடுக்கணும், எடுத்தால் உடையும். ஒரு முக்குக்கு ஒரே ஒரு முறுக்கு. இப்படி இரண்டு டின் நிறைய வேண்டும் என்றால் எத்தனை முக்கு, எவ்வளவு நேரம் அந்த எண்ணெய்ப் புகையில் என்று யோசியுங்கள். அது முடிந்தால் முந்திரிக்கொத்து. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடித்து, மறுபடியும் மாவில் முக்கி மறுபடியும் எண்ணெய். அப்புறம் அதிரசம். 25-ஆம் தேதி விடியற்கால ஆராதனைக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போய் உட்காருகிற பெண்கள் பாதிப்பேருக்கு அங்கே கண் சொருகுகிறது என்றால் அது பக்திக் குறைவினால் அல்ல, முந்தின ராத்திரி தூங்காததினால்.

இதெல்லாம் பரம்பரை வழக்கம், விட முடியுமா என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். இன்னொன்றை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முன்னெல்லாம் வீட்டு வாசலில் தொங்குகிற நட்சத்திரத்தை வீட்டு ஆண்கள்தான் கட்டினார்கள். மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவி, நூலால் இறுக்கிக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைக்க வழி விட்டு, ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. இன்றைக்கு எல்லாரும் கடையில்தான் வாங்குகிறோம், பெட்டியைத் திறந்து ஒயரைச் சொருகினால் எரிகிறது. வழக்கம் கெட்டுப்போச்சு என்று யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களா? இல்லையே. கேக் மாவை வீட்டில் கலந்து பாத்திரத்தோடு பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் சுட்டு வாங்கிவந்த வழக்கமும் பல வீடுகளில் நின்றுபோயிற்று, அதற்கும் யாரும் அழவில்லை. ஆண்கள் கை வேலை கடைக்குப் போனால் அது காலமாற்றம், பெண்கள் கை வேலையில் ஒரு டின் குறைந்தால் மட்டும் பாரம்பரியத்துக்கு ஆபத்து என்பது எந்த ஊர் நியாயம்?

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் 1826-இல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டிய கோயில். அதற்கும் முன்னால் 1785-லேயே அந்த ஊரின் ஆரம்பகாலக் கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மாள் கட்டிய சின்னக் கோயில் அங்கே இருக்கிறது. அவ்வளவு காலமாக நம் ஊரில் இந்தப் பண்டிகை நடக்கிறது. அதில் விடக்கூடாதது என்று நான் நினைப்பது மூன்றுதான். குடும்பமாகப் போய் உட்காருகிற அந்த விடியற்கால ஆராதனை. 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று வேதவசனம் அச்சிட்டுத் தருகிற வாக்குத்தத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வது. அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்புவது. இந்தத் தட்டு லேசான விஷயமில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி பொங்கலுக்குத் தருவார்கள், எதிர்வீட்டுப் பாத்திமா அக்கா வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும், உங்கள் வீட்டிலிருந்து கிறிஸ்மஸுக்குப் போகும், வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது என்று உள்ளே கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தட்டில் ஐந்து பலகாரம் இருந்தே ஆகணும் என்று யார் சொன்னது? இரண்டு இருந்தால் போதும். மீதி வேண்டுமானால், டிசம்பரில் வீட்டிலேயே சுட்டுக் கொடுக்கிற பெண்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும், அவர்களுக்கும் நாலு காசு சேரும்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். மாலத்தீவு நமக்கு அந்நிய ஊர் இல்லை. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு தோணிகள் அதன் தலைநகர் மாலேக்குப் போய்வருகின்றன, உங்கள் அம்மா சம்பலில் போடுகிற மாசிக்கருவாடு அந்தத் தீவுகளின் சரக்குதான். திருவனந்தபுரத்தில் நேரடி விமானம் கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், விசாவையும் அங்கே போய் இறங்கியபின் காசில்லாமலே தருகிறார்கள். நல்ல இடம், போய் வாருங்கள். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வாரம், வருஷத்திலேயே அங்கே விலை உச்சியில் இருக்கிற வாரம். டிசம்பர் 24, 31 ராத்திரிகளுக்கு விசேஷ விருந்து என்று பல ரிசார்ட்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வாங்கிவிடுவார்கள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். நீங்கள் கட்டிய முன்பணத்தில் 24-ஆம் தேதி விருந்து சேர்ந்திருக்கிறதா, பாருங்கள். கடல்விமானத்தில் போக வேண்டிய தீவு என்றால் அது பகலில் மட்டும்தான் பறக்கும், சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு ராத்திரி அங்கேயே அறை எடுக்க வேண்டிவரும், அந்தச் செலவு தனி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த நாட்டில் இஸ்லாம் தவிர வேறு மதத்தாரின் பொது வழிபாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை, 25-ஆம் தேதி காலையில் போக அங்கே கோயில் கிடையாது. அது உங்கள் இருவருக்கும் பெரிதில்லை என்றால் சரி. பெரிதுதான் என்றால் அங்கே போய் ஏங்குவதைவிட இப்போதே யோசிப்பது நல்லது.

அதே தீவுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் மழை மிகக் குறைவு, கிறிஸ்மஸ் வார விலையும் இறங்கியிருக்கும். ரிசார்ட்தான் வேண்டும் என்றில்லை, மாஃபுஷி மாதிரி ஊர்க்காரர்கள் வாழ்கிற தீவுகளில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, செலவு பலமடங்கு குறையும். பிப்ரவரியில் போனால் அந்த வாரம் யாரிடமிருந்தும் பிடுங்கிய வாரமாகவும் இருக்காது, உங்கள் மனைவிக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு பாளையங்கோட்டையில் என்ன பேசிக்கொள்கிறார்களோ என்ற கவலையும் இருக்காது. ஏனென்றால் பேச்சு விழப்போவது அவள் மேல்தான், உங்கள் மேல் அல்ல. ‘மருமக இழுத்துக்கிட்டுப் போயிட்டா’ என்றுதான் ஊர் சொல்லும்.

நீங்கள் ஓடப் பார்ப்பது அடுப்படியிலிருந்து. டிசம்பரில் மாலத்தீவு போய்வந்தாலும் அடுத்த டிசம்பரில் அதே அடுப்பு, அதே அச்சு, அதே பெண் அங்கே நிற்பாள். அதை மாற்ற பாஸ்போர்ட் தேவையில்லை, நீங்கள் கேரல் ரவுண்ட்ஸில் இரண்டு ராத்திரியை விட்டுவிட்டு அடுப்படிக்குள் வந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால் போதும். அப்பாவையும் கூப்பிடுங்கள், அதிரசத்தைப் பலகையில் வைத்து எண்ணெய் பிழிய அவருக்கு ஒரு கை போதும். நீங்கள் அங்கே நின்றால் பலகாரக் கணக்கு தானாகவே குறையும்.

அம்மாவைப் பற்றி ஒன்று. உங்கள் மனைவி மூன்று வருஷம் நின்ற இடத்தில் அவர்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிற்கிறார்கள். அந்த வாரம் பக்கத்தில் நின்று பேச்சுத்துணைக்கு ஒருத்தி கிடைத்தாளே என்றிருந்தவர்களிடம், அவள் வரமாட்டாள் என்று அக்கா வாய்வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். போனை எடுக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. போனில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை இது, வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காவிட்டால் பஸ்ஸிலாவது ஏறி, நீங்கள் மட்டும் போய் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லுங்கள். பிப்ரவரியில் மாலத்தீவு போகப்போவதையும் மறைக்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஹோட்டலுக்கு மட்டும் இன்றைக்கே எழுதுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், தேதியை மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். ரத்து செய்ய ஒத்துக்கொள்ளாத இடங்களும் தேதி மாற்ற ஒத்துக்கொள்வதுண்டு, நாள் நெருங்க நெருங்கத்தான் பிடித்தம் கூடும்.