தேங்காய் வெட்டுக்கு ரிப்பீட் வைத்தால் தேதி பொருந்தவில்லையே, ஏன்?

பொள்ளாச்சித் தோப்பில் 45 நாளுக்கு ஒருமுறை வெட்டு. ஆள் கிடைக்காமல் ஒரு வாரம் தள்ளினாலும் டூடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் ஆப் பழைய கணக்கிலேயே அடுத்த தேதியைக் காட்டுகிறது என்கிறீர்கள்.

ஆப் மேல் தப்பில்லை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னை மாதாமாதம் தாக்கல் செய்யும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு 20-ம் தேதி என்றால் 20தான். இந்த மாதம் பிந்தினாலும் அடுத்த கெடு நகராது. சாதா ரிப்பீட் அந்த மாதிரி வேலைக்குத்தான். தேங்காய்க்கோ வெட்டி முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குத் தேதியை ஆங்கிலத்தில் தட்டும்போது ‘எவ்ரி’ என்ற சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள், அப்புறம் ‘45 டேஸ்’. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்!

வெட்டு முடிந்ததும் தோப்பிலிருந்தே டிக் அடித்துவிடுங்கள். சாவகாசமாக நாலு நாள் கழித்து அடித்தால், 45 நாள் கணக்கு டிக் அடித்த அன்றிலிருந்துதான் ஓடும்.