கல்லீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு சிரோசிஸோடு (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) 6 செ.மீ. புற்றுக்கட்டி. ‘கல்லீரலுக்குக் கரண்ட் வைக்கவே கூடாது’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: ஒரு காலத்தில் அது நியாயமான பயம்தான். முழுக் கல்லீரலும் சுமார் 30 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் தாங்காது. கட்டியை அழிக்க அது போதாது. இப்போது எஸ்.பி.ஆர்.டி. என்ற துல்லியக் கதிர்வீச்சு முறையில் பல கோணங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் குவிகின்றன. பெரும்பாலும் 5 வேளை, மொத்தம் 30 முதல் 50 கிரே.

டோஸை முடிவு செய்வதில் மிச்சமுள்ள நல்ல கல்லீரலுக்கே முதலிடம். அதில் குறைந்தது 700 மி.லி. அளவாவது 15 கிரேக்குள் இருக்க வேண்டும். அப்பாவின் சைல்ட்-பியூ மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்; கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அது காட்டும், ‘ஏ’ நல்ல நிலை, ‘சி’ மோசமான நிலை. ‘ஏ’ என்றால் தைரியமாகப் பேசலாம். ‘பி 7’ (பி பிரிவு, 7 மதிப்பெண்) என்றால் டோஸைக் குறைப்பார்கள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் கதிரே கல்லீரலைக் கவிழ்த்துவிடும்.

கேள்வி: மூச்சு விட்டால் கல்லீரல் நகருமே, குறி தப்பாதா?

பதில்: மேலும் கீழுமாக 1 முதல் 2 செ.மீ. வரை நகரும். அதனால்தான் 4டி சி.டி. (மூச்சின் அசைவையும் பதிவு செய்யும் ஸ்கேன்) எடுத்து மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். பிறகு மூச்சைப் பிடிக்கச் சொல்வோம், அல்லது வயிற்றில் பட்டை கட்டி அசைவைக் குறைப்போம். இன்னொரு சிக்கல்: மேசையில் படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேனில் கட்டியும் கல்லீரலும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அரிசியைவிடச் சிறிய தங்க மணிகளைக் கட்டியின் அருகே ஊசி வழியாக வைப்பது இதற்காகத்தான். முன்பு டேஸ் (கட்டியின் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி அதை அடைக்கும் சிகிச்சை) செய்திருந்தால், அப்போது கட்டியில் தங்கிய லிப்பியோடால் என்ற எண்ணெய் மருந்தே ஸ்கேனில் அடையாளமாகும். மணி வைத்து ஒரு வாரம் கழித்தே பிளானிங் சி.டி. (சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேன்); அதற்குள் இடம் மாறினால் மாறி நிலைத்துவிடும். பிளானிங் அன்று எத்தனை மணி நேரம் வெறும் வயிறோ, சிகிச்சை நாட்களிலும் அதே அளவு. வயிறு நிரம்பினால் இரைப்பை கதிரின் பாதைக்குள் வந்துவிடும்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி மாத்திரையை நிறுத்தலாமா சார்?

பதில்: கூடவே கூடாது. கதிருக்குப் பின் வைரஸ் கிளம்பினால் கல்லீரல் வேகமாகக் கெடும்.

கேள்வி: புரோட்டான் கதிர் சிகிச்சை அவசியமா?

பதில்: சிறிய கட்டிக்குத் தேவையில்லை. பெரிய கட்டியென்றால் நல்ல கல்லீரலைக் கூடுதலாகக் காக்கும். சென்னையில் 2019 முதல் கிடைக்கிறது.

கேள்வி: அம்மாவுக்குக் கதிர் சிகிச்சை முடிந்து 3 மாத ஸ்கேனில் கட்டி இன்னும் பளிச்சென்று தெரிகிறது. தோல்வியா?

பதில்: பதறாதீர்கள் தம்பி. தமனிக் கட்டத்தில் (ஸ்கேன் மருந்து தமனிகளில் ஓடும் நேரத்தில் எடுக்கும் படத்தில்) அந்தப் பளபளப்பு 6 மாதம், சிலருக்கு ஓராண்டுகூட நீடிக்கும். கட்டி வளராமல், ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இறங்கிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள். ஆனால் முதல் 4 மாதங்களில் வயிறு உப்பினாலோ, கண் மஞ்சளானாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.