எங்கள் ஆமைக்கு என்னைப் பிடிக்குமா? – கேள்வி பதில்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். 17 வருடமாக வீட்டில் ஒரு சிவப்புக் காது ஆமை இருக்கிறது, பெயர் குண்டு. நான் கால்நடை மருத்துவர் இல்லை, தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டவள். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, போன மாசம் ஒரு குட்டி வாங்கினேன். நான் அறைக்குள் போனாலே தண்ணிக்குள் குதித்துக் கல்லுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. தினமும் கையில் எடுத்துப் பத்து நிமிடம் வைத்துப் பழக்குகிறேன், அப்படியும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. எத்தனை நாளாகும்?

அந்தப் பத்து நிமிடம்தான் கோளாறு தம்பி. உனக்கு அது கொஞ்சல், அதற்கு அது காக்கா தூக்கிக்கொண்டு போகிற நேரம். குளத்தில் குட்டி ஆமைக்கு மேலிருந்து வருவதெல்லாம் காக்கா, கொக்கு, பருந்துதான், உன் கையும் மேலிருந்துதான் வருகிறது. தூக்குவதை இன்றோடு நிறுத்து. தொட்டி தரையில் இருந்தால் மேசை மேல் ஏற்றி வை, உன் முகமும் அதன் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் பாட்டுக்குப் படி, போனைப் பார், அதை மட்டும் முறைத்துப் பார்க்காதே. சாப்பாட்டைப் போட்டதும் எழுந்து ஓடாமல் இரு. முதல் வாரம் கல் இடுக்கிலிருந்து மூக்கு மட்டும் தெரியும், அப்புறம் தலை வரும், அப்புறம் நீ இருக்கும்போதே சாப்பிடும்.

குண்டு என்னைப் பார்த்துக் கல்லிலிருந்து குதிக்காமல் இருப்பதற்கே நாலு மாதம் ஆனது. வெயில் காயும்போது பின்னங்கால் இரண்டையும் பின்பக்கம் நீட்டி, விரல்களை விரித்து, கழுத்தை முழுசாக வெளியே போட்டுக் கண்ணை மூடிக் கிடப்பாள். ஆபத்து என்றால் தண்ணீருக்குள் பாய வேண்டிய பிராணி, பாயவே முடியாத நிலையில் கிடக்கிறது. நீ ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும்போது அது அப்படிக் கிடந்தால், அதுதான் ஆமையின் பாசம். அதற்கு மேல் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சூரமங்கலம்: என்னைப் பார்த்தாலே கண்ணாடி ஓரமாக வந்து கையைக் காலை அடித்து ஆட்டம் போடுகிறது. ஆள் அடையாளம் தெரியுமா, சும்மா பசியா?

இரண்டும்தான். 'அம்மா வந்தாச்சு' என்று ஆடவில்லை, 'சோறு வந்தாச்சு' என்று ஆடுகிறது, ஆனால் சோறு யாரிடமிருந்து வரும் என்று தெரிந்துதான் ஆடுகிறது. எங்கள் வீட்டில் நான் போனால் முழு ஆட்டம், என் கணவர் போனால் பாதி ஆட்டம், மாமியார் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது (அவரும் அப்படித்தான், கணக்குச் சரி). ஆமைக்குப் பார்வை நன்றாக இருக்கும், நிறமும் தெரியும். வெளிக்காது கிடையாது. கனத்த தாழ்ந்த சத்தமும் தரையின் அதிர்வும்தான் அதற்கு நன்றாக எட்டும், அதனால் செல்லமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட உங்கள் காலடிதான் அதற்கு அறிமுகம். ஒரு தடவை ஜலதோஷத்துக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு சாப்பாடு போடப் போனேன், 17 வருடப் பழக்கமும் போய் ஒரே பாய்ச்சலில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். குல்லாவைக் கழற்றினேன், இரண்டு நிமிடத்தில் மேலே வந்துவிட்டாள்.

ஞாபகத்தைக் குறைவாக எடை போடாதீர்கள். வியன்னா உயிரியல் பூங்காவில் ராட்சத நில ஆமைகளுக்கு நிறப் பந்தைக் கடித்தால் தீனி என்று பழக்கி, 9 வருடம் கழித்துச் சோதித்தபோதும் பந்தைக் கடிக்க மறக்கவில்லை.

ஆனால் ஆட்டம் போடும்போதெல்லாம் தீனி போட்டால் அது உங்களைப் பழக்கிவிடும். வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி), அதுவும் அதன் தலை அளவுக்கு, மற்ற நேரம் கீரை போதும்.

ஏற்காடு, எஸ்டேட் வீடு: மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் ஆமை சாப்பிடவில்லை, கிட்டேயும் வருவதில்லை. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தோம், அந்தக் கோபமா?

கோபம் இல்லைங்க, குளிர். நீங்கள் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். சேலத்தில் நாங்கள் ஹீட்டர் இல்லாமல் ஓட்டுகிற மாதத்தில் உங்களுக்கு ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், தண்ணீர் சில்லென்று ஆனால் செரிமானம் நின்றுபோகும், செரிக்காது என்று தெரிந்தால் சாப்பிடாது. பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் போய்க் கொஞ்சிப் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் 24-லிருந்து 27 டிகிரிக்குள் நிற்கிற மாதிரி ஒரு தொட்டி ஹீட்டர், ஏறி உட்காரும் கல்லுக்கு மேல் 32 டிகிரியாவது வருகிற மாதிரி ஒரு பல்பு, கூடவே யுவிபி என்கிற புற ஊதாக் கதிர் விளக்கு. ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறோமே என்று சொல்லாதீர்கள், ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும், வெளிச்சம்தான் உள்ளே வரும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா, மூக்கில் குமிழி வருகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம், அன்றைக்கே மலையிறங்கி ஆமை பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவ்வாப்பேட்டை: ஓட்டைத் தடவினால் சுகமாக இருக்குமா? எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறோம்.

ஐயோ, எண்ணெய் வேண்டாம். ஓடு பிளாஸ்டிக் மூடி இல்லை, முதுகெலும்பும் விலாவும் சேர்ந்த எலும்பு, அதில் நரம்பு ஓடுகிறது, தொட்டால் தெரியும். எண்ணெய் பூசினால் அழுக்கும் பாசியும் அதில் ஒட்டிக்கொள்ளும், தொட்டித் தண்ணீரும் கெடும். குண்டின் முதுகை மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தால் இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டுவாள். ரொம்ப நாள் அது குஷி என்று நினைத்து வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன், எரிச்சலில் உதறுகிற ஆட்டமாகவும் இருக்கலாம் என்று பிறகுதான் புரிந்தது. இப்போது பாசி பிடித்தால் மட்டும் தேய்க்கிறேன். நடுவில் நகர்ந்து போனால் விட்டுவிடுவேன்.

கொண்டலாம்பட்டி: என் பொண்ணுக்கு நாலு வயசு. ஆமைக்கு முத்தம் கொடுக்கிறாள், அழகாக இருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லைங்க. நன்றாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்குக் காய்ச்சலும் பேதியும் வந்து படுக்க வைத்துவிடும். அமெரிக்காவில் 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கவே தடை போட்டார்கள், குழந்தைகள் வாயில் வைத்துவிடுகின்றன என்பதுதான் காரணம். அவள் தீனி போடட்டும், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வையுங்கள். தொட்டிச் சாமானைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

தாரமங்கலம்: ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டி ஒரே ரகளை. என்ன சொல்வது?

அமீனாவையும் சேர்த்துத்தான் அந்தப் பழமொழி. அமீனா வரவில்லையே, பாதிதான் பலிக்கும் என்று சொல்லுங்கள். எங்கள் பாட்டிக்கு நான் அப்படித்தான் சொன்னேன், அப்புறம் அவர்தான் முருங்கைக் கீரை ஆய்ந்து போட்டார்.

ஐந்து ரோடு: தனியாக இருக்கிறதே என்று இன்னொன்று வாங்கிவிட்டேன். புதுசு பழசின் முகத்துக்கு நேரே முன்னங்கை இரண்டையும் படபடவென்று ஆட்டுகிறது. நட்பா?

நகம் நீளமாக இருக்குமே, பாருங்கள். அது ஆண், பெண் கேட்கிறான். ஆமைக்குத் தனிமை என்று ஒன்று நமக்கு இருக்கிற மாதிரி இல்லை, இடம் குறைந்த தொட்டியில் இரண்டு இருந்தால் ஒன்று மற்றதைக் கடித்தே சாப்பிட விடாமல் வைக்கும். தனித்தனித் தொட்டி வையுங்கள்.

சங்ககிரி, தோட்டம்: கிணற்றில் ஒரு ஆமை இருக்கிறது. பெரியவர்கள் அது இருந்தால் தண்ணி சுத்தம் என்பார்கள். பசங்க அதை எடுத்து வளர்க்கலாம் என்கிறார்கள்.

அது பாலாமையாக இருக்கும் அண்ணா. எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது அது, நட்சத்திர ஆமையும் அப்படித்தான், வீட்டில் வைத்தால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. கிணற்றில் விட்டபடியே இருக்கட்டும்.

கன்னங்குறிச்சி: வாங்கும்போது ஒரு ரூபாய் அளவு, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. வைத்துக்கொள்ள முடியவில்லை. மூக்கனேரியில் விட்டால் சுதந்திரமாக இருக்குமே, அதுவும் ஒரு பாசம்தானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து விடாதீர்கள். சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்துப் பிராணி. உலகின் மோசமான 100 ஊடுருவி இனங்கள் என்ற பட்டியலில் அதுவும் ஒன்று. ஏரியில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பெண் ஆமை ஓர் அடி நீளம் வரை வளரும், 30 வருடம் தாராளமாக வாழும், இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. எனக்கும் முதல் ஆமையை விற்றவர் 'இதுக்கு மேல வளராதுங்க' என்று ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த கிண்ணத்தோடு கொடுத்தார். நானும் நம்பிக் காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்த்தேன். ஓடு விரலால் அழுத்தினால் அமுங்குகிற அளவுக்கு மெத்தென்று ஆகி எட்டே மாதத்தில் போய்விட்டது. விளக்கும் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் இல்லை. இன்றைக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு, சுண்ணாம்புச் சத்துக்கு) வாங்கித் தொட்டியில் மிதக்க விடுகிறேன், குண்டு கொறித்துக்கொண்டே இருப்பாள்.

மொட்டை மாடியில் நிழலோடு ஒரு சிமெண்ட் தொட்டி கட்ட முடிகிறதா பாருங்கள், சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்காமல் பாதியை மூடி வையுங்கள். முடியாது என்றால் இங்கேயே கேளுங்கள், வளர்க்கத் தெரிந்தவர் யாராவது எடுத்துக்கொள்வார்.

அயோத்தியாப்பட்டணம்: வேலைக்குக் கோவை போகிறேன் அக்கா, அம்மாதான் பார்த்துக்கொள்வார். என்னைத் தேடுமா?

உன்னைத் தேடுமா என்று தெரியவில்லை, சாப்பாடு நேரத்துக்கு வராவிட்டால் கட்டாயம் தேடும். அம்மாவிடம் நேரத்தையும் அளவையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. நான் மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் ஓசூரில் இருந்துவிட்டு வந்தேன். பையைக்கூட இறக்கவில்லை, நேரே தொட்டிக்குப் போனேன். கல்லின் மேல் கால் நீட்டிக் கிடந்தாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், குதிக்கவில்லை, மறுபடி மூடிக்கொண்டாள்.